மூன்று நிமிடத்துக்குள்

ஜூலை 8, திங்கள்

கியாஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது.

மதியம் ரகுராமன் ஒரு பட்டியலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். விஞ்ஞானி–பள்ளி இணைப்புத் திட்டம். எங்கள் நிறுவனத்தில் பதினான்கு பேர், ஆளுக்கொரு பள்ளி, இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை. மற்ற பதின்மூன்று பேருக்கும் சேலம் நகரத்துக்குள்ளேயே பள்ளி. எனக்கு மட்டும் சங்ககிரியைத் தாண்டி உள்ளே தள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஒன்று. போக ஒன்றரை மணி நேரம். ஏன் எனக்கு இந்தப் பள்ளி என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ரகுராமன் பதில் சொல்லிவிடுவார்.

"உங்க சொந்த அனுபவத்தையும் அஞ்சு நிமிஷம் சொல்லுங்க டாக்டர் தமயந்தி. படிவத்துல அதுக்குன்னு ஒரு கட்டம் இருக்கு," என்றார்.

"ரத்தத்தைப் பத்திச் சொல்றேன். எனக்குத் தெரிஞ்சது அதுதான்."

எனக்கு இந்த மாதிரித் திட்டங்களில் நம்பிக்கை கிடையாது. ஒரு பேனர், ஒரு குழுப் புகைப்படம், அடுத்த ஆண்டு வேறு பெயரில் வேறு திட்டம். பட்டியலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஜூலை 12, வெள்ளி

பத்தாம் வகுப்பு. முப்பத்து நான்கு பேர். அறிவியல் ஆசிரியை டெய்சி ராணி, முப்பது வயதிருக்கும், தொண்டை கட்டியிருந்தது. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் அவரே. நூலகமும் அவரே. நூலகம் என்பது பூட்டிய பீரோ.

வெள்ளையணுக்கள் கிருமியை விழுங்குவதைப் பற்றிப் பேசினேன். படம் காட்டினேன். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மரியாதை எனக்குத் தெரியும். எப்போது முடியும் என்று காத்திருப்பது அது. மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். இரட்டைச் சடை, ஒரு சடையில் மட்டும் ரிப்பன்.

"மிஸ், அது முழுங்கறத நீங்க கண்ணால பாத்திருக்கீங்களா?"

"பார்த்திருக்கேன்."

"நாங்க பாக்கலீங்களே மிஸ். நீங்க சொல்றீங்க, நாங்க எழுதிக்கறோம்."

வகுப்பு சிரித்தது. "ஏய் கவிபாரதி, வாய மூடிட்டு உக்காரு," என்று டெய்சி ராணி அதட்டினார். நான் அடுத்த முறை கண்ணால் பார்க்கும்படி ஏதாவது கொண்டு வருகிறேன் என்றேன். இரண்டு பேருடைய வாயையும் அடைக்கத்தான் சொன்னேன்.

சாப்பாட்டு நேரத்தில் விடுதிச் சமையலறைப் பக்கமிருந்து சாம்பார் வாசனை வந்தது. "பருப்பு வேகலைன்னா புளியைக் கடைசியில கொஞ்சம் தூக்கலா ஊத்திடுவாங்க," என்று சொல்லிவிட்டேன். டெய்சி ராணி ஆச்சரியமாகப் பார்த்தார். "உங்களுக்கு எப்படிங்க மேடம் தெரியும்?" யூகம் என்றேன்.

ஜூலை 14, ஞாயிறு

தங்கை போன் செய்தாள். பள்ளிக்குப் போனதைச் சொன்னேன். "அங்க யாராச்சும் உன்னை அடையாளம் கண்டுக்குவாங்கன்னு பயமாக்கா?" என்றாள். குக்கர் விசில் வந்தது, வைத்துவிட்டேன்.

ஜூலை 26, வெள்ளி

ரத்த வகை கண்டுபிடிக்கும் சோதனை. திட்டத்தோடு கொடுத்த தொகுப்பில் இருந்தது. சீரம் மூன்று சீசா, ஐஸ் பெட்டியில் எடுத்துப்போனேன். ஒப்புதல் படிவங்கள் முப்பத்து நான்கும் வந்திருந்தன. பதினொன்றில் ஒரே மாதிரிக் கையெழுத்து. டெய்சி ராணியைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். நானும் மேலே கேட்கவில்லை.

ஒரு கண்ணாடித் துண்டில் மூன்று சொட்டு ரத்தம். ஒன்றில் ஏ சீரம், ஒன்றில் பி, ஒன்றில் டி. எந்தச் சொட்டு திரிந்த பால்போலக் கட்டி கட்டியாகிறதோ அந்த வகை. ஏ, பி இரண்டும் திரிந்தால் ஏபி. இரண்டுமே திரியாவிட்டால் ஓ. டி திரிந்தால் பாசிட்டிவ். ஒரே ஒரு எச்சரிக்கை: மூன்று நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். அதற்குமேல் ஓரம் காய்ந்து, திரிந்ததுபோலப் பொய் காட்டும். பார்த்து முடித்ததும் துண்டை பிளீச்சிங் தண்ணீரில் போட்டுவிட வேண்டும்.

கரும்பலகையில் எழுதினேன்: யார் சொன்னாலும் நம்பாதே. பார்த்ததை எழுது.

"நீங்க சொன்னாலுமா மிஸ்?" கவிபாரதிதான்.

"நான் சொன்னாலும்."

அவளுக்குப் பிடித்துவிட்டது. ஊசியைப் பார்த்ததும் பின் பெஞ்சில் அழுத பெண்ணின் கையைப் பிடித்து, "இதுக்கே இந்த ஆட்டமா? காது குத்தறப்ப என்னடி பண்ணுன?" என்று சிரிக்கவைத்து விரலை நீட்டச் செய்தாள். கை நடுங்காமல் சொட்டு விட்டாள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு அது வர ஆறு மாதம் ஆகும். மாலைக்குள் முப்பத்து நான்கு துண்டையும் அவளே வாசித்துச் சொன்னாள். ஒன்றில்கூடத் தவறில்லை. அவளுடையது ஓ பாசிட்டிவ்.

சந்தோஷமாக இருந்தேன் என்றுதான் எழுத வேண்டும். அந்தச் சந்தோஷத்தில்தான், தொகுப்பில் போட்டிருந்த வீட்டுப்பாடத்தையும் யோசிக்காமல் பலகையில் எழுதினேன்: அப்பா, அம்மா ரத்த வகையைக் கேட்டு எழுதி வரவும்.

வேனில் ஏறும்போது ஏதோ உறுத்தியது. என்னவென்று யோசிப்பதற்குள் தூங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

டெய்சி ராணி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். "பிள்ளைங்க சூப்பரா செஞ்சிருக்காங்க மேடம்!" பெரிய அட்டை, கலர் பேனா. முப்பத்து நான்கு பெயர்கள், பக்கத்தில் பிள்ளை, தந்தை, தாய் என்று மூன்று கட்டங்கள். பாதிக்கு மேல் 'தெரியாது'. வகுப்பறைச் சுவரில், வாசலுக்கு எதிரே மாட்டியிருக்கிறார்கள்.

பதினேழாவது வரி: கவிபாரதி. ஓ. தந்தை செங்கோடன், ஏபி. தாய் பூங்கொடி, பி.

மூன்று தடவை பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஏபி உள்ளவர் தன் பிள்ளைக்கு ஏ அல்லது பி, இரண்டில் ஒன்றைக் கொடுத்தே ஆக வேண்டும். அவருக்கு ஓ பிள்ளை பிறக்க வழியில்லை. பத்தாயிரத்தில் ஒருவருக்கு இருக்கக்கூடிய ஓர் அரிய விலக்கு உண்டு. அதைத் தவிர வழியில்லை.

இது பத்தாம் வகுப்புப் பாடம். இன்னும் சில வாரங்களில் டெய்சி ராணியே அந்த அட்டைக்கு முன்னால் நின்று இதை நடத்துவார்.

ஆகஸ்ட் 3, சனி

மாவு அரைக்கக் கொடுத்ததை வாங்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

தலைமையாசிரியையிடம் போனில் பேசினேன். அட்டையைக் கழற்றிவிடுங்கள், தனிப்பட்ட தகவல், சுவரில் இருப்பது சரியில்லை என்றேன்.

"ரத்த குரூப்புல என்னங்க மேடம் ரகசியம்? ஐடி கார்டுலயே போடறமே," என்று சிரித்தார். "மாவட்டக் கல்வி அலுவலர் இருவத்தஞ்சுக்குள்ள வர்றாங்க. நம்ம பள்ளியில காட்டறதுக்கு அது ஒண்ணுதாங்க இருக்குது."

பெயர் சொல்லாமல் காரணம் சொல்ல முடியவில்லை. பெயர் சொன்னால் அது அட்டையைவிட மோசம். சரி என்று வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

புதிய சீரம் கொண்டுபோனேன். போன முறை ஐஸ் உருகி சீரம் கெட்டிருக்கலாம் என்பது என் நம்பிக்கை. சந்தேகம் வராமலிருக்க ஐந்து பேருக்கு மறுசோதனை என்றேன். நான்காவதாக கவிபாரதி. ஏ திரியவில்லை. பி திரியவில்லை. ஓ.

"அப்பாவோடது எப்படித் தெரிஞ்சுது உனக்கு?"

"லைசென்ஸ்ல போட்டிருந்துச்சுங்க மிஸ். அப்பா லாரி டிரைவர். அம்மாவுது ஆஸ்பத்திரி அட்டையில."

"அப்பா ஊர்லதான் இருக்காரா?"

"லோடு ஏத்திட்டு நாக்பூர் போயிருக்குது. மாசத்துக்கு ரெண்டு தடவ வரும்." துண்டைப் பிளீச்சிங் தண்ணீரில் போட்டாள். என்னைப் பார்க்காமலே கேட்டாள். "மிஸ், மரபியல் பாடம் எப்ப நடத்துவாங்க?"

"ஏன்?"

"சும்மாதான். நான் படிச்சிட்டேன்."

அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்று இரண்டு சடையிலும் ரிப்பன் இல்லை. வேனில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். எதிரே வந்த ஒவ்வொரு லாரியின் நம்பர் பலகையையும் படித்துக்கொண்டு வந்தேன். எதற்கென்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

காலை பத்தேகாலுக்கு வாசலிலிருந்து செக்யூரிட்டி கூப்பிட்டார். "மேடம், உங்களப் பாக்க ஒரு அம்மா வந்திருக்கு. உள்ள விடட்டுங்களா?" வந்திருப்பது எப்படிப்பட்ட ஆள் என்று அவர் குரலே சொல்லிவிட்டது. நானே இறங்கிப் போனேன்.

மெலிந்த பெண். ஸ்பின்னிங் மில் அடையாள அட்டை கழுத்தில், முடியில் பஞ்சு. ஷிப்ட் முடிந்து நேராக பஸ் ஏறியிருக்கிறாள். கேன்டீனுக்கு அழைத்தேன். வரவில்லை. சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்றபடியே பேசினோம்.

"நான் கவிபாரதி அம்மாங்க. பூங்கொடி."

"தெரியும். சொல்லுங்க."

"அந்த அட்டையில எம்புள்ள பேருக்கு நேரா இருக்கறத அழிச்சுப் போடுங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"அவ கேட்டா. 'அம்மா, உன்னுது பி தான, அப்பாவுது ஏபி தான'ன்னு. ஆமான்னேன். அன்னியிலிருந்து எங்கிட்ட பேசறதில்லீங்க. திங்கறா, பள்ளிக்கோடம் போறா, பேச்சில்ல. அந்தாளு சும்மாவே சந்தேகம் புடிச்ச மனுசன். போன தீவாளிக்கு மில்லு சூப்பர்வைசர் போன் பண்ணுனாருன்னு தார்ப்பாய் கட்டற கயித்துல…" நிறுத்திவிட்டாள். புடவைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். "அவருக்கு இது தெரிஞ்சா நான் இருக்க மாட்டனுங்க."

லைசென்சில் இருப்பது தவறாக இருக்கலாம் என்று எடுத்துச் சொன்னேன். அவருக்கு ஒருமுறை சோதித்துவிட்டால் எல்லாம் தெளிவாகிவிடும் என்றேன்.

"வேண்டாங்க."

"ஒரு சொட்டு ரத்தம்தான். ரெண்டு நிமிஷம்."

"வேண்டாங்க."

"அப்புறம் யாருக்கும் சந்தேகமே வராதே?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "வேண்டாங்க மேடம். அழிச்சு மட்டும் போடுங்க."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டாள். அச்சம், சோதனை என்றாலே வரும் இயல்பான அச்சம். அப்படித்தான் அதை எடுத்துக்கொண்டேன்.

தலைமையாசிரியைக்கு மறுபடி போன் செய்தேன். அலுவலர் வந்துபோகட்டும் மேடம் என்றார்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

நல்ல செய்தி. எங்கள் நிறுவன வேன் டிரைவர் ஆரோக்கியத்திடம் லைசென்சை வாங்கிப் பார்த்தேன். ஏ பாசிட்டிவ் என்று இருந்தது.

"டெஸ்ட் பண்ணித்தான் போட்டாங்களா?"

"அட நீங்க வேற மேடம்! டிரைவிங் ஸ்கூல்காரன் 'குரூப் என்ன'ன்னான். தெரியாதுன்னேன். அவனே ஏதோ ஒண்ணு போட்டான். பக்கத்துல நின்னவனுக்கும் அதேதான்."

சோதித்தேன். ஆரோக்கியம் பி. மற்ற டிரைவர்கள் ஆறு பேருக்கும் பார்த்தேன். ஏழில் இரண்டு தவறு. செங்கோடனின் லைசென்சிலும் இப்படி எவனோ நிரப்பியிருக்கக்கூடிய ஒரு கட்டத்தை நம்பி இரண்டு வாரமாகத் தூக்கம் கெட்டிருக்கிறேன். சோறு ருசியாக இருந்தது இன்று. குழாய்க்கும் ஆள் வந்து வாஷர் மாற்றிவிட்டுப் போனார்.

ஏழில் இரண்டு தவறு என்றால் ஐந்து சரி. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

டெய்சி ராணி போன் செய்தார். குரல் மாறியிருந்தது.

"மேடம், கவிபாரதி ரெண்டு நாளா வரல. நேத்து அவங்கப்பா வந்தாருங்க. லீவு லெட்டர் குடுக்கத்தான் வந்தாரு. சுவத்துல இருந்த அட்டையப் பாத்தவரு அப்படியே நின்னுட்டாரு. போன்ல போட்டோ புடிச்சாரு. அவங்கக்கா மக நாமக்கல்ல லேப் டெக்னீசியன் படிக்குதாம், அதுக்கு அனுப்பறேன்னாரு. நான் சாதாரணமாத்தான் நெனச்சேன். சாயந்தரம் மறுபடி வந்துட்டாரு. 'ஏபிக்கு ஓ பொறக்காதாமே டீச்சர், அப்படீங்களா?'ன்னு கேக்கறாரு. அப்பத்தாங்க எனக்கே உறைச்சுது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"டெஸ்ட் பண்ணுன டாக்டரம்மாவத்தான் கேக்கணும்னுட்டேன். 'அந்தம்மா எப்ப வருது'ன்னாரு. வெள்ளிக்கிழமைன்னேன். 'வாரேன், அதுவரைக்கும் பொறுத்துக்கறேன்'னு சொன்னாருங்க மேடம். அந்த வார்த்தையத்தான் சொன்னாரு. பொறுத்துக்கறேன்."

போலீஸ், குழந்தைகள் உதவி எண், மகளிர் உதவி எண் எல்லாம் ஒரு தாளில் எழுதினேன். டெய்சி ராணியிடம் பூங்கொடியின் வீட்டுக்குப் போய்ப் பேசச் சொன்னேன். போனார். வாசலிலேயே நிறுத்தி, "வெள்ளிக்கிழம வரைக்கும் ஒண்ணும் பண்ணமாட்டாரு, நீங்க வந்தாத்தான் பிரச்சினை" என்று திருப்பி அனுப்பிவிட்டாளாம். கவிபாரதி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாளாம்.

லைசென்ஸ் தவறு. அப்படித்தான் இருக்க வேண்டும். எல்லார் முன்னிலையிலும் சோதித்துக் காட்டிவிடுவேன். அதோடு முடிந்தது.

ஆகஸ்ட் 22, வியாழன்

சீரம் சரியாக வேலை செய்கிறதா என்று நான்கு தடவை சரிபார்த்தேன். நான்கு தடவையும் சரியாக வேலை செய்தது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

வரிசையாக எழுத முயல்கிறேன்.

பதினொரு மணிக்கு செங்கோடன் வந்தார். வெள்ளைச் சட்டை, நன்றாக இஸ்திரி போட்டது. தலைவாரி நெற்றியில் திருநீறு. நான் எதிர்பார்த்த முகம் இல்லை அது. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, கும்பிட்டு, உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். பின்னால் பூங்கொடி, சுவரோடு சுவராக. பக்கத்தில் கவிபாரதி, சீருடையில். இன்று இரண்டு ரிப்பனும் கட்டியிருந்தாள்.

அறிவியல் அறை. தலைமையாசிரியை, டெய்சி ராணி, நான். ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகளின் தலைகள். டெய்சி ராணி போய் விரட்டினார்.

லைசென்சுகள் பெரும்பாலும் சோதிக்காமல் நிரப்பப்பட்டவை என்று விளக்கினேன். என் குரல் எனக்கே உறுதியாகக் கேட்டது. அவர் தலையாட்டினார்.

"வாஸ்தவந்தானுங் டாக்டரம்மா. எனக்கு லைசென்சு எடுத்துக்குடுத்தவன் அட்ரசையே தப்பாத்தான் போட்டான். அதனாலதான் நானும் பொறுமையா இருக்கறனுங்க. படிச்சவங்க நீங்க, பாத்துச் சொல்லிப்போடுங்க." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மேசைமேல் வைத்தார். "அக்கா புள்ள போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்குது. அதும் ஒருக்கா பாத்துக்கறேன்னுது. இந்தக் கண்ணாடி பொய் சொல்லாதுங்களே?"

"சொல்லாது," என்றேன்.

நான் ஊசியை எடுத்தேன். என் கை ஆடியது. கவிபாரதி பார்த்துவிட்டாள்.

"மிஸ், நான் பண்றேன். எங்கப்பாதான? எங்கிட்டன்னா பயப்படாது."

"யாரு, நானா பயப்படறது?" என்று அவர் சிரித்தார். விரலை அவளிடம் நீட்டினார். தடித்த விரல், இரண்டு தடவை குத்த வேண்டியிருந்தது. "எருமத்தோலுப்பா உனக்கு," என்றாள். மூன்று சொட்டு. மூன்று சீரம். குச்சியால் கலக்கினாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

பத்து வினாடிகூட ஆகவில்லை. முதல் சொட்டு திரிந்தது. உடனே இரண்டாவதும் திரிந்தது. திரிந்த பால்கூட இவ்வளவு சுத்தமாகப் பிரியாது. நான் முப்பது ஆண்டுகளில் பார்த்த மிகத் தெளிவான ஏபி அது.

அவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். அவருக்குச் சிவப்பாக மூன்று பொட்டு தெரிந்திருக்கும், அவ்வளவுதான். டெய்சி ராணிக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூங்கொடி கண்ணை மூடியிருந்தாள். அவள் எதற்காக மூன்று முறை வேண்டாம் என்று சொன்னாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இல்லை. சைக்கிள் நிறுத்துமிடத்திலேயே புரிந்திருக்க வேண்டும்.

வாயைத் திறந்தேன். என்ன சொல்லப் போனேன் என்று இப்போதும் தெரியவில்லை.

கவிபாரதி கண்ணாடித் துண்டை எடுத்து ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவள் முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இப்படியும் அப்படியும் சாய்த்து, வகுப்பில் வாசித்த அதே குரலில் வாசித்தாள்.

"ஏ திரியல. பி திரியல. டி திரிஞ்சிருக்கு. ஓ பாசிட்டிவ்."

"நில்லு சாமி, போட்டோ…" என்று அவர் போனோடு எழுந்தார். துண்டு அதற்குள் பிளீச்சிங் தண்ணீருக்குள் போய்விட்டது.

"அட ஏஞ் சாமி! போட்டோ எடுக்கோணும்னு சொன்னனல்ல?"

"மூணு நிமிசத்துக்கு மேல வெளிய வெச்சா தப்பாக் காட்டும்ப்பா. பாத்ததும் உள்ள போட்டுறணும். மிஸ் சொல்லிக்குடுத்ததுதான்."

அவர் என் பக்கம் திரும்பினார். சிரிப்பு இல்லை. பத்து வினாடிகூட எடுக்காத ஒரு சோதனையைப் பற்றி, "அப்படீங்களா டாக்டரம்மா?" என்று கேட்டார்.

"ஆமாம். மூணு நிமிஷம்," என்றேன்.

"இன்னொருக்கா பண்ணலாங்களா? போட்டோவுக்கு?"

மேசைமேல் மூன்று சீசா சீரமும் திறந்தபடி இருந்தது, பாதிக்கு மேல் நிறைந்து. அவருக்கும் அது தெரிந்தது.

"திறந்த சீரத்தை வெயில்ல வெச்சாச்சு. இனி இது உதவாது," என்றேன். மூடியை எடுத்து மூடினேன். கை ஆடவில்லை. "போட்டோ எதுக்கு? நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். நிறுவன முத்திரையோட."

தாளை எடுத்து எழுதினேன். பெயர், வயது, தேதி, ரத்த வகை ஓ பாசிட்டிவ். அவர் வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு மடித்து லைசென்ஸ் உறைக்குள் வைத்தார்.

"புரோக்கரு நாயி," என்றார். மெல்ல சிரிப்பு வந்தது. "இருவது வருசமா எவனோ ஒருத்தன் ரத்தத்தப் பையில வெச்சுட்டு வண்டி ஓட்டியிருக்கேன் பாருங்." கவிபாரதியின் தலையில் கை வைத்தார். "இதுக்குப் போயி நான் நாலு நாளா…" சொல்லி முடிக்கவில்லை. பூங்கொடியின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அவள் கையில் ஒரு கட்டு இருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

அவர்கள் போனபிறகு டெய்சி ராணி, "நல்லவேளைங்க மேடம்," என்றார். நாற்காலி போட்டு ஏறி, அட்டையைக் கழற்றி, நான்காக மடித்து நூலக பீரோவில் வைத்துப் பூட்டினார்.

கவிபாரதி துண்டுகளைக் கழுவ நின்றுவிட்டாள். குழாயடியில் அவளும் நானும் மட்டும்.

"மிஸ்."

"ம்."

"அப்பாவுக்கு வண்டியில அடிகிடி பட்டு, அந்தத் தாளப் பாத்துட்டு ஓ ரத்தம் ஏத்திட்டாங்கன்னு வெச்சுக்கங்க. ஒண்ணும் ஆகாதுங்கள்ல?"

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆகாது," என்றேன். "ஏபி உள்ளவங்க எந்த ரத்தத்தையும் வாங்கிக்கலாம். எப்படியும் ஆஸ்பத்திரியில ஏத்தறதுக்கு முன்னாடி அவங்களே ஒரு தடவை பார்ப்பாங்க."

"புஸ்தகத்துலயும் அப்படித்தான் இருந்துச்சு." கடைசித் துண்டைத் துணியில் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரு கறையும் இல்லை. "அதப் படிச்சதுக்கப்பறந்தான் மிஸ் முடிவு பண்ணுனேன்."

அவளுக்குப் பதினைந்து வயது.

ஆகஸ்ட் 24, சனி

ஆஸ்பத்திரியில் அவர்களே பார்ப்பார்கள் என்று நானே சொன்னேன். அப்படிப் பார்க்கும் நாள் என்றைக்காவது வரும். நாமக்கல்லில் இருக்கும் அந்த அக்கா மகளும் ஊசியும் சீரமும் கையில் வைத்துத்தான் படிக்கிறாள்.

டெய்சி ராணிக்கு அந்த உதவி எண்கள் எழுதிய தாளை அனுப்பினேன். பூங்கொடியிடம் நேரில் கொடுக்கச் சொன்னேன், மில் வாசலில் வைத்து, வீட்டில் அல்ல. கொடுத்துவிட்டாராம். வாங்கி மடித்து மில் அட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டாளாம்.

போன் அடிக்கும்போதெல்லாம் சங்ககிரி எண்ணா என்று பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

அரிய விலக்கு ஒன்று உண்டென்று எழுதியிருந்தேன். பார்ப்பதற்கு ஓ போலவே இருக்கும், ஆனால் ஓ இல்லை. கவிபாரதி அப்படிப்பட்டவளாக இருந்தால் எல்லாமே நேராகிவிடும். அதைக் கண்டுபிடிக்கும் சீரம் எங்கள் குளிர்பெட்டியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. அவள் ரத்தத்தில் ஒரு சொட்டு போதும். செய்யப்போவதில்லை.

ரகுராமன் காலாண்டுப் படிவத்தைக் கேட்டார். உட்கார்ந்து நிரப்பினேன். சொந்த அனுபவம் என்ற கட்டம். இந்த முறை எழுதினேன். நான் படித்ததும் இப்படி ஒரு நலப் பள்ளிதான், இப்படி ஒரு விடுதிதான், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை. அடுத்த முறை பிள்ளைகளிடமும் சொல்ல உத்தேசம். ரகுராமன் படித்துவிட்டுக் கோப்பில் செருகினார். அவருக்கு முன்பே தெரியும் போலிருக்கிறது.

அடுத்த கேள்வி: இத்திட்டத்தால் மாணவர்களிடம் அறிவியல் மனப்பான்மை வளர்ந்துள்ளதா? ஆம், இல்லை.

ஆம் என்பதில் டிக் போட்டேன்.

சான்றாக ஒரு நிகழ்வைக் குறிப்பிடவும் என்று கீழே ஆறு வரி இடம் விட்டிருந்தார்கள். அதை வெறுமையாக விட்டுக் கொடுத்தேன்.